விற்ற காரோடு வாழ்வது எப்படி?

காரை விற்றுவிட்டீர்கள். கைக்கு வந்த காசில் பாதி வீட்டுக்கு வெள்ளையடிக்கப் போயிற்று. மீதியை மைத்துனர் கைமாற்றாக வாங்கிக்கொண்டு போனார். வண்டி நின்ற இடத்தில், எண்ணெய்க் கறையின் மேல் ஒரு துளசித் தொட்டி உட்கார்ந்திருக்கிறது. எல்லாம் சுபம் என்று காரைக்கால் பாரதியார் வீதியில் நின்று டீ குடித்துக்கொண்டிருக்கும்போது கைபேசி சிணுங்குகிறது. சீட் பெல்ட் போடாமல் ஓட்டியதற்காக உங்கள் வாகனத்துக்கு 1,000 ரூபாய் அபராதம். இடம், கும்பகோணம்.

"உங்கள் வாகனம்" என்ற இரண்டு சொல்லைப் படித்து யாருக்கெல்லாம் டீ புரையேறியதோ, அவர்களுக்காக எழுதப்பட்டது இந்தக் கையேடு.

எழுதுகிறவனின் தகுதி என்ன என்று கேட்பது நியாயம். 2012-ல் வாங்கிய வெள்ளி நிற ஸ்விஃப்டை, பி.ஒய்.-02 நம்பர் பலகையோடு, நாகூருக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரர் ஒருவருக்கு விற்று எனக்கு இரண்டு வருஷமாகிறது. என்னிடம் இருந்த காலத்தில் அந்த வண்டி மாயவரம் தாண்டியதில்லை. விற்ற பிறகு ஊட்டி போய் வந்தது, ஏற்காடு போய் வந்தது, ஒரு கல்யாணத்துக்காக மதுரைக்கும் போய் வந்தது. இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், வழியில் இருந்த ஒவ்வொரு சுங்கச்சாவடியிலும் என் வங்கிக் கணக்கிலிருந்துதான் காசு போனது. ஃபாஸ்டாக் ஒட்டியிருந்த கண்ணாடியோடு வண்டியைக் கொடுத்திருந்தேன். நகத்தால் சுரண்டி எடுத்தால் மட்டும் போதாது என்பதை அப்புறம் தெரிந்துகொண்டேன். வங்கியிடம் சொல்லி அந்தக் கணக்கையே மூட வேண்டும். கையேட்டின் முதல் வேலை இது. பத்து நிமிஷம் பிடிக்கும். நான் எட்டு மாதம் கழித்துச் செய்தேன்.

அடுத்தது, வாங்கியவருக்குப் போன் போடுவது. அவர் என்ன சொல்கிறார் என்று காது கொடுக்க வேண்டாம். உங்களை எப்படிக் கூப்பிடுகிறார் என்று மட்டும் கவனியுங்கள். முதல் மாதம் "அண்ணே"தான். "நாளைக்கே பேரு மாத்திடுறேண்ணே, இதுக்குப் போயி கவலப்படுறீங்களே!" மூன்றாம் மாதம் அது "சார்" ஆகிவிடும். "ஆடி போவட்டும் சார்." ஆடியில் பெண்ணெடுக்க மாட்டார்கள், வீடு குடிபோக மாட்டார்கள், ஆர்.சி. புத்தகத்தில் பேர் மாற்றக் கூடாது என்று மட்டும் எந்தப் பஞ்சாங்கத்திலும் இல்லை. ஆறாம் மாதம் "யாருங்க?" அதற்குப் பிறகு, நீங்கள் அழைக்கும் எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் குரல் சொல்லும். அண்ணன் சாராக உயர்ந்ததை மரியாதை என்று எண்ணி நான் கொஞ்ச நாள் மகிழ்ந்திருந்தேன்.

புரோக்கரைக் கேட்கலாமே என்பீர்கள். டீக்கடை பெஞ்சிலேயே ஆபீஸ் வைத்திருந்த அந்த மனிதர் இரண்டு பக்கமும் கமிஷன் வாங்கியவர். "நான் ரெண்டு பேரையும் சேர்த்துத்தானே வச்சேன்? குடும்பம் நடத்துறது உங்க பாடு" என்றார். கல்யாணத் தரகர் சொல்லவேண்டியதைக் கார் தரகர் சொல்கிறாரே என்று அப்போது கோபம் வந்தது. அவர் முறையான ஏஜென்சி வைத்திருந்தால் கதை வேறு. 2023 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள மத்திய மோட்டார் வாகன விதிப்படி, அங்கீகாரம் பெற்ற பழைய கார் டீலரிடம் வண்டியை விட்டு ஆன்லைனில் தெரிவித்துவிட்டால், வண்டிக்கு அவரே உரிமையாளராகக் கொள்ளப்படுவார். பெஞ்சுக்கு அந்த அங்கீகாரம் கிடையாது.

இனி விற்ற லட்சணத்தைச் சொல்லிவிடுகிறேன். உங்களுடையதும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். விலை இரண்டு லட்சத்து நாற்பதாயிரம். இரண்டு லட்சத்து இருபது கையில்; பாக்கி இருபதாயிரம் "பேரு மாத்துன அன்னிக்கே". இந்த ஏற்பாட்டின் அழகைப் பாருங்கள். பேர் மாற்றினால் அவருக்கு இருபதாயிரம் செலவு, மாற்றாமல் இருந்தால் இருபதாயிரம் லாபம். இப்படி ஓர் ஒப்பந்தத்தைப் போட்டுவிட்டு மனித குலத்தின் நேர்மையை நம்பி வீட்டுக்கு வந்தேன். ஃபாரம் 29, ஃபாரம் 30 இரண்டிலும் கையெழுத்துப் போட்டேன், தேதி போடவில்லை. "தேதிய நாம அப்புறம் போட்டுக்கலாம்ணே" என்றார்கள். அந்த "நாம" யார் என்று நான் கேட்கவில்லை. அவருடைய ஆதார் நகலை வாங்கவேண்டும் என்று தோன்றியது. முகத்துக்கு நேரே எப்படிக் கேட்பது என்று கூச்சம். டெலிவரி நோட் ஒன்று மட்டும் எழுதி வாங்கினேன். அதிலும் நேரம் குறிக்கவில்லை. அன்றைக்குச் சாயங்காலமே வண்டி எங்காவது மோதியிருந்தால், மோதியது என் காரா அவர் காரா என்று தீர்மானிக்க அந்த நேரம் ஒன்றுதான் எனக்குத் துணை நின்றிருக்கும்.

இங்கே கொஞ்சம் பூகோளம் வேண்டியிருக்கிறது. காரைக்கால் சுமார் 160 சதுர கிலோமீட்டர். கிழக்கே கடல், மற்ற மூன்று பக்கமும் தமிழ்நாடு. வடக்கே பூவம் தாண்டினால் தரங்கம்பாடி பக்கம், தெற்கே வாஞ்சூர் தாண்டினால் நாகூர், மேற்கே அம்பகரத்தூர் தாண்டினால் பேரளம் பக்கம். சென்னைக்காரர் செங்கல்பட்டுக்குக் கார் விற்றால் அது ஒரே மாநிலத்துக்குள் நடக்கும் விவகாரம். நம்மூர்க்காரர் சைக்கிள் மிதிக்கும் தூரத்தில் இருக்கும் நாகூருக்கு விற்றாலும் அது மாநிலம் விட்டு மாநிலம். இங்கே பதிவு செய்த அலுவலகத்தில் ஆட்சேபணை இல்லை என்று என்.ஓ.சி. வாங்க வேண்டும், அதற்கு ஃபாரம் 28. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-ஆம் பிரிவு, ஒரே மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாளுக்குள்ளும், வெளி மாநிலத்துக்கு விற்றவர் 45 நாளுக்குள்ளும் அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. வாங்கியவருக்கு 30 நாள். தெரிவிக்க வேண்டியது விற்றவரின் கடமையும்தான் என்ற வரியைப் படித்தபோதுதான், ஆறு மாதமாக அடுத்தவரைத் திட்டியதில் பாதி எனக்கே வந்து சேர வேண்டியது என்று புரிந்தது.

அவர் ஏன் மாற்றவில்லை? சோம்பல் ஒரு காரணம். வரி இன்னொரு காரணம். வண்டியைத் தமிழ்நாட்டுப் பதிவுக்குக் கொண்டுபோனால் அங்கே சாலை வரி கட்ட வேண்டும். வேறு மாநிலப் பதிவோடு 12 மாதத்துக்கு மேல் ஒரு வண்டியை வைத்திருக்கக் கூடாது, புதுப் பதிவெண் வாங்க வேண்டும் என்று 47-ஆம் பிரிவு சொல்கிறது. அந்த 12 மாதம் எந்தத் தேதியில் ஆரம்பித்தது என்று சாலையில் நிற்கும் போலீஸ்காரருக்கு யார் சொல்வது? பி.ஒய். பலகையின் மவுசு நம்மோடு நிற்பதில்லை. புதுச்சேரியில் வரி குறைவு என்பதற்காக, குடியிருந்தே அறியாத விலாசங்களைக் காட்டி இங்கே சொகுசுக் கார்களைப் பதிவு செய்ததாக 2017-ல் கேரளத்துச் சினிமா நட்சத்திரங்கள் சிலர் மீதே விவகாரம் கிளம்பியது. கோடீஸ்வரர்களுக்கே பிரியமான பலகையை என்னிடம் இரண்டு லட்சத்து இருபதாயிரத்துக்கு வாங்கியவர் எளிதில் கழற்றுவாரா?

நாம் கோபப்படவும் வழியில்லை. காரைக்காலே அப்படிக் கைமாறிய ஊர்தானே! 1739-ல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது. 1954 நவம்பர் 1-ஆம் தேதி ஊரை இந்தியாவிடம் ஒப்படைத்தார்கள். இது டெலிவரி. ஒப்பந்தக் கையெழுத்து 1956 மே மாதம். பிரெஞ்சு நாடாளுமன்றம் ஒப்புதல் கொடுத்து, சட்டப்படி மாற்றம் நடந்து முடிந்தது 1962 ஆகஸ்ட் 16. ஏறக்குறைய எட்டு வருஷம் ஊரையே பேர் மாற்றாமல் ஓட்டியிருக்கிறோம். இரண்டு தேதியையும் இன்றுவரை விழாவாகக் கொண்டாடுகிறோம். இடைப்பட்ட காலத்தில் அபராதச் சீட்டு பாரீசுக்குப் போகாதது அவர்கள் செய்த புண்ணியம்.

சரி, வேடிக்கை போதும். பேர் மாற்றாததால் என்ன ஆகும் என்று கேட்பவர்கள், நவீன் குமார் எதிர் விஜய் குமார் என்ற வழக்கைக் கேட்டுக்கொள்ளுங்கள். வட இந்தியாவில் ஒருவர் 2007-ல் தன் காரை விற்றார். வாங்கியவர் இன்னொருவருக்கு விற்றார், அவர் வேறொருவருக்கு. இப்படிக் கைமாறிக்கொண்டே போய், 2009-ல் அந்தக் கார் ஒரு விபத்தில் சிக்கி உயிர் போனது. பதிவேட்டில் அப்போதும் முதல் ஆளின் பேர்தான். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், 2018 பிப்ரவரியில் மூன்று நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள். யார் பேரில் பதிவு இருக்கிறதோ அவரே உரிமையாளர், இழப்பீடு அவர் பொறுப்பு. அடிபட்டவர், கார் யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று ஒவ்வொரு வீடாகத் தேடிக்கொண்டு அலைய வேண்டியதில்லை என்பது நீதிமன்றத்தின் வாதம். அடிபட்டவர் பக்கம் நின்று பார்த்தால் இதைவிட நியாயமான தீர்ப்பு இருக்க முடியாது. விற்றவன் பக்கம் நின்று பார்த்தால் அன்றைக்கு ராத்திரி தூக்கம் வராது. எனக்கு வரவில்லை.

தூக்கம் வருவதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். அவமானமான வழி, சொல்கிறேன். விற்ற காருக்கு இன்சூரன்ஸ் கட்டுங்கள். நடுரோட்டில் அந்த வண்டி யாரையாவது இடித்து, பாலிசி காலாவதியாகியும் இருந்தால், பதிவேட்டில் பேர் உள்ளவர் தன் கையிலிருந்து லட்சக்கணக்கில் எடுத்து வைக்க வேண்டிவரும். ஆகவே, வேறொருவர் சுகமாக ஏற்காடு போய் வருவதற்காக, நான் மூன்றாம் நபர் பாலிசியைப் புதுப்பித்தேன். 1,000 சி.சி.க்கு மேல் 1,500 சி.சி. வரை உள்ள கார்களுக்கு 2022 ஜூனில் நிர்ணயித்த கட்டணம் 3,416 ரூபாய், வரி தனி. பணம் கட்டிய அன்று என் மனைவி, "விட்டுட்டுப் போன மாப்பிள்ளைக்கு மாசச் செலவு அனுப்புற மாமனார் மாதிரி இருக்கு" என்றாள். பதில் சொல்லவில்லை. ஒரே ஆறுதல் நோ க்ளெய்ம் போனஸ். அது வண்டியோடு போவதில்லை, ஆளோடு தங்குவது. ஓட்டிய வருஷங்களில் க்ளெய்ம் எதுவும் கேட்காமல் இருந்திருந்தால் 50 சதவீதம்வரை சேர்ந்திருக்கும். விற்ற கையோடு கம்பெனியில் அதற்கொரு கடிதம் வாங்கி வைத்தால், மூன்று வருஷத்துக்குள் வாங்கும் அடுத்த காருக்குத் தள்ளுபடியாகும். அடுத்த கார் வாங்கும் தைரியம் உள்ளவர்களுக்கு.

இதற்குப் பிறகு எழுத்து வேலை. பதிவு அலுவலகத்துக்கு ஒரு மனு: இன்ன தேதியில் இன்னாருக்கு விற்றேன், டெலிவரி நோட் நகல் இது, பேர் மாற்றப்படவில்லை, இந்த வண்டி மீது வேறு எந்தப் பரிவர்த்தனையும் நடக்காமல் பதிவேட்டில் நிறுத்தி வைக்கவேண்டும். மனுவின் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் படி இறங்காதீர்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு இன்னொரு கடிதம். வாங்கியவருக்கு வக்கீல் நோட்டீஸ். "ரிஜிஸ்தர் தபால்ல அனுப்பிட்டேன்" என்று மிரட்டும் சுகம்கூட நமக்கு மிஞ்சவில்லை. 2025 செப்டம்பர் முதல் பதிவுத் தபாலை ஸ்பீடு போஸ்டோடு சேர்த்துவிட்டார்கள். ஆனாலும் ஒப்புகை வரும். எனக்கு வந்த ஒப்புகையில் இருந்த கையெழுத்து, என் ஃபாரத்தில் அவர் போட்டதைவிட அழகாக இருந்தது.

போலீஸுக்குப் போகலாமா? போகலாம், நடை உடம்புக்கு நல்லது. எல்லைக்கு இந்தப் பக்கத்து நிலையத்தில், வண்டி அந்தப் பக்கம்தானே இருக்கிறது என்றார்கள். அந்தப் பக்கத்து நிலையத்தில், விற்றது இந்தப் பக்கம்தானே என்றார்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவுப்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்தாலும் எந்த நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம் என்று படித்து வைத்திருந்தேன். சொன்னேன். ஏட்டையா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சார் வாத்தியாரா?" என்றார். அப்புறம் அவர் சொன்னதும் தப்பில்லை: விற்றேன், காசு வாங்கினேன், நானே கையெழுத்துப் போட்டேன், இதில் ஏமாற்றியது எங்கே? இருபதாயிரம் பாக்கி என்பது சிவில் விவகாரம். "வண்டி எதுலயாவது மாட்டுனா நாங்களே உங்களைக் கூப்புடுவோம்" என்று ஆறுதல் சொல்லி அனுப்பினார்.

சிவில் விவகாரத்துக்குப் பொதுவாக மூன்று வருஷக் கெடு உண்டு. எனக்கு ஒரு வருஷம் பாக்கி. கோர்ட்டுக்குப் போகுமுன் சட்டப் பணிகள் ஆணையத்தின் லோக் அதாலத் என்று ஒன்று இருக்கிறது. கோர்ட் கட்டணம் கிடையாது, அங்கே இரு தரப்பும் ஒத்துக்கொண்டு எழுதுவது சிவில் கோர்ட் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடும் இல்லை. இந்தக் கையேட்டிலேயே உருப்படியான யோசனை இதுதான். ஒரே சிக்கல், இரு தரப்பும் வர வேண்டும்.

விற்றவர்களுக்கே எல்லா இடத்தையும் கொடுத்துவிட்டேன். வாங்கி ஏமாந்தவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். என் சித்தப்பா மகன் அந்தக் கட்சி. "சிங்கிள் ஓனர், டாக்டர் ஓட்டுன வண்டி" என்று வாங்கினான். டாக்டர் ஓட்டிய வண்டிகளை எல்லாம் எண்ணினால் டெல்டாவில் டாக்டர் பஞ்சமே இருக்கக் கூடாது. ஒரு மழைக்காலத்தில் கதவை மூடியதும் உள்ளே சேற்று வாடை. மெக்கானிக் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தார். உள்ளே சுருண்டிருந்த பாகத்தில் வண்டல் கறை. ஸ்டெப்னி பள்ளத்தில் மணல். 2015 டிசம்பரிலோ 2023 டிசம்பரிலோ சென்னையில் வெள்ளத்தில் நின்ற வண்டியாக இருக்கலாம் என்றார். கடலோர ஊரில் அடிப்பலகைத் துருவைப் பார்த்து யாரும் சந்தேகப்படுவதில்லை, உப்புக்காற்று என்று விட்டுவிடுகிறோம். அதனாலேயே அந்த மாதிரி வண்டிகளுக்கு நம் பக்கம் நல்ல இடம். நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன் என்று கிளம்பினான். வியாபாரியாக இல்லாமல் தன் சொந்த வண்டியை விற்ற தனி ஆள் மீது அங்கே வழக்கு நிற்பது கடினம் என்று வக்கீல் உட்கார வைத்தார். 1930-ஆம் வருஷத்துச் சரக்கு விற்பனைச் சட்டம், வாங்குகிறவன் கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டும் என்ற கட்சியைச் சேர்ந்தது. தெரிந்தே மறைத்து விற்றார் என்று நிரூபித்தால் வழி உண்டு. வெள்ளம் வந்தது எனக்கே தெரியாது என்பார் அந்த டாக்டர்.

உறவினர்கள் வேறு வழி சொல்வார்கள். பக்கத்திலேயே திருநள்ளாறு இருக்கும்போது சொல்லாமல் இருப்பார்களா? "சனி புடிச்சிருக்குடா, நளன் குளத்துல ஒரு முழுக்குப் போட்டு வா" என்றார் பெரியம்மா. போனேன். குளத்தில் உடுத்திய துணியை விட்டுவிட்டால் பீடை அதோடு போகும் என்பது வழக்கம். துண்டை விட்டேன். கரையேறி ஈரத்தலையோடு கைபேசியைப் பார்த்தால் இன்னொரு குறுஞ்செய்தி: அதிவேகம், இடம் பெரம்பலூர். சனீஸ்வரரைக் குறை சொல்ல மாட்டேன். ஏழரைச் சனிக்காவது ஏழரை வருஷம் என்று கணக்கு இருக்கிறது. சொந்தக் காரின் பதிவுக்கு 15 வருஷம்; என் ஸ்விஃப்டின் ஆர்.சி. 2027-ல் முடிகிறது. புதுப்பிக்க வேண்டுமென்றால் அதற்கு உரிமையாளர் வர வேண்டும். யார் வருகிறார் என்று பார்க்கலாம்.

அதுவரைக்கும் கும்பகோணம், பெரம்பலூர், ஊட்டி வட்டார வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். வெள்ளி நிற ஸ்விஃப்ட், பி.ஒய்.-02, பின் கண்ணாடியில் காக்கை படம் போட்ட திருநள்ளாறு ஸ்டிக்கர், இடது பக்கக் கதவில் எங்கள் வீட்டு கேட்டில் உரசிய கோடு. எங்காவது பார்த்தால் ஓட்டுகிறவரிடம் ஃபாரம் 30-ஐ நீட்டுங்கள். சீட் பெல்ட் போடச் சொல்லுங்கள். இருபதாயிரத்தை அவரே வைத்துக்கொள்ளட்டும்.